நர்ஸம்மா பதில்கள்: இடுப்பு வலிக்கு முன்னால்

பிரசவத்தைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் சொன்னதற்கு ஒரு மஞ்சப்பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் ஜவ்வாது மலை அடிவாரத்தில் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். முதல் பாதி வீடுகளிலும் துணை சுகாதார நிலையத்திலும் பிரசவம் பார்த்தேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் நர்ஸ் இருக்க ஆரம்பித்த பிறகு, பெண்களை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் கூட நின்றேன். மருந்து எழுதும் வேலை என்னுடையது இல்லை, இங்கேயும் எழுத மாட்டேன். உங்கள் அட்டையைப் பார்த்து டாக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

எனக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவம். வலியை நினைத்தால் தூக்கமே வரவில்லை. ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். எத்தனை மணி நேரம் வலிக்கும்? பொய் வலியா நிஜ வலியா என்று எப்படித் தெரியும்?
- ஒரு வாசகி, செங்கம்

முதலில் அந்தக் கதை சொல்கிறவர்கள். வளைகாப்புக்கு வந்து, வளையல் அடுக்கிவிட்டு, புளிசாதத் தட்டு கைக்கு வந்ததும் “எனக்கு ரெண்டு நாள் வலி” என்று ஒருவர் ஆரம்பிப்பார். அடுத்தவர் மூன்று நாள் என்பார். ஏலம் மாதிரி அது ஏறிக்கொண்டேதான் போகும். எழுந்து போய்விடுங்கள். கர்ப்பிணி எழுந்து போனால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பாத்ரூம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வலி இருக்கும். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பல் வலி மாதிரி ராத்திரி முழுக்க விடாமல் குடைகிற வலி இல்லை இது. ஏறும், இறங்கும், சுத்தமாக விட்டுவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் வலி 12 நிமிடம், ஓய்வு 48 நிமிடம். கடைசிக் கட்டத்தில் இடைவெளி இரண்டு மூன்று நிமிடமாகச் சுருங்கும். அப்போதும் இடைவெளி உண்டு. பயந்துபோன பெண்கள் என்ன செய்கிறார்கள் என்றால், அந்த 48 நிமிடத்தையும் அடுத்த வலிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டே கழிக்கிறார்கள். தலை வெளியே தெரிய ஆரம்பிக்கும்போது உடம்பில் தெம்பு இருக்காது.

கருப்பை வாய் 10 சென்டிமீட்டர் திறக்க வேண்டும். முதல் நாலைந்து சென்டிமீட்டருக்கு நேரக் கணக்கே கிடையாது, அரை நாளும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அந்த நேரத்தில் வீட்டில் நடங்கள், கஞ்சி குடியுங்கள், முடிந்தால் தூங்குங்கள். ஐந்தைத் தாண்டிவிட்டால் தலைப்பிரசவத்தில் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் முழுக்கத் திறந்துவிடும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லையென்றால் ஏதோ கோளாறு என்றுதான் எங்களுக்கு அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கணக்கை எல்லோருக்கும் போட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் சொல்லிவிட்டது. எத்தனை பேரை வீணாக அவசரப்படுத்தியிருப்பேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பொய் வலியை எங்கள் பக்கம் சூட்டு வலி என்பார்கள். ஒழுங்கில்லாமல் வரும். கொஞ்சம் நடந்தாலோ, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து இடது பக்கமாகப் படுத்தாலோ அடங்கிவிடும். நிஜ வலி நடந்தாலும் அடங்காது, படுத்தாலும் அடங்காது. பெரும்பாலும் பின் இடுப்பில் கிளம்பி முன்னால் சுற்றி வரும். வர வர நெருங்கும், நீளும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு பேப்பரில் எழுதுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒரு நிமிட நீளம், இப்படியே ஒரு மணி நேரம் என்றால் கிளம்பிவிடலாம். ஆஸ்பத்திரி தூரமென்றாலோ, இரண்டாவது பிள்ளையென்றாலோ இவ்வளவு நேரம் காத்திருக்காதீர்கள்.

சிலவற்றுக்கு வலி வரும்வரை காத்திருக்கவே கூடாது. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். தண்ணீர் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். சளி மாதிரிக் கொஞ்சம் ரத்தம் கலந்து வருவது சகஜம்தான், ஆனால் மாதவிலக்கு மாதிரிப் போனால் அது வேறு விஷயம். தலைவலி விடாமல் இருந்து கண் மங்கினாலும், முகம் வீங்கினாலும் பிரஷர் பார்த்தாக வேண்டும், 140/90 தாண்டியிருக்கலாம். பிள்ளை அசைவு குறைந்த மாதிரி இருந்தால் சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் 10 அசைவு வராவிட்டால் போய்க் காட்டுங்கள். “காலையில் பார்த்துக்கலாம்” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

இனி வலியைத் தாங்குவது. இதை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1990 வாக்கில், ஒரு கூரை வீட்டில் ராத்திரிப் பிரசவம். சிம்னி விளக்கு. நான் கையுறை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை “வலி எப்படி இருக்கு, எப்படி இருக்கு” என்று அந்தப் பெண்ணை நச்சரித்துக்கொண்டிருந்தேன். ஊர் மருத்துவச்சிப் பாட்டி வாயில் வெற்றிலையோடு வந்து, பெண்ணுக்குப் பின்னால் குந்தி, அவள் இடுப்புக்குத் தன் முழங்காலை அண்டை கொடுத்தார். வலி வரும்போது முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் அடி இடுப்பில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். “போகுது, போகுது” என்பார். அவ்வளவுதான். “வருது” என்று ஒரு தடவைகூட அவர் சொல்லிக் கேட்டதில்லை. அன்றிலிருந்து நானும் “போகுது”தான்.

(பாட்டியிடம் எடுத்துக்கொள்ளக் கூடாததும் இருந்தது. தொப்புளில் சாம்பல் வைப்பார். அதை நிறுத்த எனக்கு நாலு வருடம் ஆயிற்று.)

அந்த அழுத்தத்தை உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இப்போதே காட்டிப் பழக்குங்கள். மூச்சுக்கும் ஒரு பழக்கம் வேண்டும். சூடான டீயை உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி ஆற்றுவோமே, வலி ஏறும்போது அப்படி விடுங்கள். வாயையும் தாடையையும் இறுக்காதீர்கள். மேலே இறுக்கினால் கீழேயும் இறுகும் என்பது பாட்டி கணக்கு. எனக்குத் தெரிந்து அந்தக் கணக்கு தப்பியதில்லை.

குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா?
- ஒரு வாசகி, வந்தவாசி

பிறக்காது. அந்தக் காசுக்கு முட்டையும் வேர்க்கடலையும் வாங்குங்கள். குங்குமப்பூப் பாலை மறக்காமல் குடிக்கிறவர்கள்தான் சத்து மாத்திரையை மறந்துவிடுகிறார்கள். ஒரு வீட்டில் ஓலைக் கூரைச் சொருகலில் இரும்புச் சத்து மாத்திரை அட்டை அட்டையாக இருந்ததைக் கண்டுபிடித்தேன். எண்ணிப் பார்த்தேன், 80. “குமட்டுது, மலம் கறுப்பாப் போவுது, பயமா இருக்குதும்மா” என்றாள். கறுப்பாகப் போனால் மாத்திரை உள்ளே போகிறது என்று அர்த்தம், பயப்பட ஒன்றுமில்லை. ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். டீ, காபியோடு போடாதீர்கள், சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடும் சேர்க்காதீர்கள், இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஏழுக்குக் கீழே இருக்கிற பெண்ணுக்குப் பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலே தாங்காது. எனக்குப் பயம் அதில்தான். குழந்தை என்ன நிறத்தில் பிறந்தால் என்ன?

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். மனைவி ஆரணி பக்கம் அம்மா வீட்டில். டாக்டர் நவம்பர் 14 என்று தேதி கொடுத்திருக்கிறார். அதையொட்டி மூன்று நாள் லீவு போட்டிருக்கிறேன். வேறு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?
- ஒரு வாசகர்

தம்பி, குழந்தைகள் தினம் என்று உங்கள் பிள்ளைக்கு யார் சொல்லப்போகிறார்கள்? கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதம் ஏழு நாள் கூட்டிச் சொல்வதுதான் அந்தத் தேதி. 100 பிள்ளைகளில் நாலைந்துதான் சரியாக அந்த நாளில் பிறக்கும். 37 வாரம் முடிந்ததிலிருந்து எப்போது வேண்டுமானாலும் வரலாம். லீவைச் சேர்த்து வைத்து, பிறந்த பிறகு பத்து நாளாக எடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை அழும்போது எழுந்திருக்க ஒரு ஆள் அப்போதுதான் வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரி என்றால் பிரசவ அறைக்குள் கூட இருக்க ஒரு பெண் துணையை அனுமதிப்பார்கள், பெரும்பாலும் கணவரை விடுவதில்லை. அந்தத் துணை யார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். உறவில் மூத்தவர் என்பதற்காக அனுப்பாதீர்கள். வலியைப் பார்த்து அழாதவர், போனை நோண்டாதவர், தானும் பெற்றவராக இருந்தால் ரொம்ப நல்லது. என் அனுபவத்தில் பெற்ற அம்மாவைவிடச் சித்தியும் அக்காவும் நன்றாக நிற்பார்கள். பெற்றவளுக்குப் பெண் துடிப்பதைப் பார்க்க மனசு தாங்காது.

108 எந்த இடத்துக்கு வர வேண்டும் என்று சொல்ல வீட்டில் எல்லோருக்கும் ஒரே அடையாளம் தெரிந்திருக்கட்டும். “கோயில் பக்கம்” என்றால் உங்கள் ஊரில் எத்தனை கோயில் இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பெற்றால் திரும்பி வர 102 வண்டி இலவசம். மனைவியின் ரத்த வகை என்ன, அவசரத்துக்குக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து வையுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் தருகிற பிக்மி எண் வாங்கியாயிற்றா? பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் கேட்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி உதவித் தொகைக்கும் அதுதான். 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கிய திட்டம், இப்போது பணமும் ஊட்டச்சத்துப் பெட்டியும் சேர்த்து 18,000 ரூபாய். தவணையாக வரும், அதனால் வங்கிக் கணக்கு மனைவி பெயரில் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இன்ஷியல் மாறிப்போய் அலைந்தவர்கள் நிறையப் பேர்.

என் மாமியார் ஆறு பிள்ளை வீட்டிலேயே பெற்றார். எனக்கு இரண்டும் சுகப்பிரசவம். இப்போது மருமகளுக்குக் கொடி சுற்றியிருக்கிறது, ஆபரேஷன் ஆகலாம் என்கிறார்கள். காசுக்காக வெட்டுகிறார்களா?
- ஒரு வாசகி, போளூர்

உங்கள் சந்தேகத்தை வீண் சந்தேகம் என்று தள்ள மாட்டேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தால் 64 போல, அரசில் 36 போல. இத்தனை பெண்களுக்கும் கத்தி தேவைப்பட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. அதே சமயம் மாமியார் ஆறு பெற்றார் என்கிறீர்களே, அந்தத் தெருவில் பெற முடியாமல் போனவர்களையும் அவரிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளை குறுக்கே கிடந்து, மாட்டு வண்டியில் ஏற்றி, பாதி வழியில் திரும்பிய கதை எல்லா ஊரிலும் உண்டு.

தொப்புள்கொடி சுற்றியிருப்பது மட்டும் ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது. நாலைந்து பிள்ளைகளில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றித்தான் இருக்கும். தலை வந்ததும் விரலை விட்டு, தலைக்கு மேலாகக் கழற்றிவிடுவோம், மாலையைக் கழற்றுகிற மாதிரி. என் கையால் எத்தனையோ கழற்றியிருக்கிறேன். வலியின்போது பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்கி, மறுபடி ஏறாமல் கிடந்தால்தான் அவசரம். ஆகவே டாக்டரிடம் சண்டைக்குப் போகாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: காரணம் கொடி மட்டும்தானா, வேறு ஏதாவது உண்டா? வலி வரும்வரை காத்திருந்தால் என்ன ஆகும்? துடிப்பைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே சுகப்பிரசவத்துக்கு முயல முடியுமா? நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். நச்சுக்கொடி கீழே வந்து கருப்பை வாயை மறைத்திருக்கிறது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று பதில் வந்தால் பேசாமல் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. ஆபரேஷன் என்று முடிவானால் ஜோசியரிடம் நேரம் குறிக்க ஓடாதீர்கள். அவசரம் இல்லாத சிசேரியனை 39 வாரத்துக்கு முன்னால் செய்தால் பிள்ளைக்கு மூச்சுத் திணறல் வர வாய்ப்பு அதிகம். நல்ல நட்சத்திரத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு என்ன எடுத்துப் போக வேண்டும்? கடையில் ‘பிரசவ பேக்’ என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள்.
- ஒரு வாசகி, வேலூர்

ஒரு கட்டைப்பை போதும். மேலாகத் தாய் சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் நகல், எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திப் புடவை இரண்டு, வெயிலில் காய வைத்து மடித்தது. பிள்ளையைச் சுற்ற அதைவிட நல்ல துணி எந்தக் கடையிலும் இல்லை. முன்பக்கம் திறக்கிற நைட்டி, பெரிய நாப்கின், உள்ளாடை, பிள்ளைக்குக் குல்லா, பிளாஸ்க், டம்ளர், சார்ஜர். நகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். வளைகாப்புக் கண்ணாடி வளையலையும்தான், வலியில் கட்டில் கம்பியைப் பிடிக்கும்போது உடைந்து கையைக் கிழிக்கும். பால் பவுடர் டப்பாவைப் பையில் வைக்காதீர்கள். இருந்தால் யாராவது பிரித்துவிடுவார்கள்.

பிறந்ததும் சேனை வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். தாத்தா கையால் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கக் கூடாதா?
- ஒரு வாசகி, திருப்பத்தூர்

கூடாதும்மா. முதல் நாள் பிள்ளையின் வயிறு ஒரு டீஸ்பூன் அளவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அது சீம்பாலுக்கான இடம். ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள். “பாலே வரலை, சொட்டுச் சொட்டாத்தான் வருது” என்பார்கள். அந்தச் சொட்டுதான் அளவு. தாத்தாவின் குணம் பேரனுக்கு வர வேண்டுமென்றால், தாத்தா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு மடியில் வாங்கிக்கொள்ளட்டும்.

இயற்கை முறையில் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்கிறார் கணவர். வீடியோ காட்டுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம்

உங்கள் பயம் நியாயமானது. 2018இல் திருப்பூரில் இப்படி வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் நடந்த வீட்டில் தாய் பிழைக்கவில்லை. பிள்ளை பிறந்ததோடு வேலை முடிந்தது என்று வீடியோவில் தெரியும். எங்கள் வேலை அப்போதுதான் பாதி. நச்சுக்கொடி வெளியே வந்து கருப்பை கல் மாதிரிச் சுருங்க வேண்டும், தொப்புளுக்குக் கீழே கையை வைத்தால் தெரியும். சுருங்காமல் கொழகொழவென்று இருந்தால் அரை லிட்டர் ரத்தம் போக அதிக நேரம் ஆகாது. அதைத் தடுக்கத்தான் பிறந்த உடனே ஆக்சிடோசின் ஊசி போடுகிறோம். நான் வீட்டில் பிரசவம் பார்த்தவள்தான், ஆனால் விரும்பிப் பார்க்கவில்லை, வண்டி இல்லாத காலம் அது. குத்துக்கால் போட்டு உட்காருவது, நடப்பது, இடுப்பை நீவுவது, இருட்டு, அமைதி என்று உங்கள் கணவர் விரும்புவதில் பெரும்பாலானவற்றை ஆஸ்பத்திரியிலும் கேட்டு வாங்கலாம். ஊசியையும் ரத்தத்தையும் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.

முதல் பிரசவத்தில் வலி தாங்காமல் கத்தியபோது நர்ஸ் தொடையில் அடித்தார், அசிங்கமாகப் பேசினார். இப்போது இரண்டாவது, ஆறாம் மாதம். அந்தப் பேச்சுதான் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.
- பெயர், ஊர் வேண்டாம்

இந்தக் கடிதத்தை இரண்டு நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன். நான் அடித்ததில்லை என்று எழுதினால் உண்மைதான். பேசியிருக்கிறேன். 1998ஆக இருக்கும், ஆடி மாதம், இரண்டு நாளாகத் தூக்கமில்லை. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி முக்கச் சொன்னால் காலை இறுக்கிக்கொண்டு கத்தினாள். உங்களிடம் சொன்னார்களே, அதே வார்த்தையைத்தான் நான் சொன்னேன். எங்கள் தொழிலில் அது வழிவழியாக வருகிற வார்த்தை, சீனியர் சொல்ல ஜூனியர் கற்றுக்கொள்வது. அவள் உடனே கத்துவதை நிறுத்திவிட்டாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அதற்கப்புறம் நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பிள்ளையை மாமியாரிடம் கொடுத்தனுப்புவாள், அவள் வெளியே வர மாட்டாள். தடுப்பூசி போடும் ஒன்றரை வருடமும் அப்படித்தான். மன்னிப்புக் கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. பிறகு அந்தக் குடும்பம் வேலை தேடி வேறு ஊர் போய்விட்டது.

அதனால் “பெரிதுபடுத்தாதீர்கள்” என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாயில்லை. நடந்தது தப்பு. நீங்கள் கத்தியது தப்பில்லை.

செய்யக்கூடியது இது. பிரசவம் வேறு இடத்தில் பார்க்க முடியுமென்றால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள், அட்டை எங்கே போனாலும் செல்லும். அதே இடம்தான் என்றால் எட்டாம் மாதச் செக்கப்பின்போது பிரசவ அறைப் பொறுப்பு நர்ஸைப் பார்த்து, “போன தடவை இப்படி நடந்தது, இந்தத் தடவை எனக்குப் பயமாக இருக்கிறது” என்று நேராகச் சொல்லுங்கள். சொல்லிவிட்ட பெண்ணிடம் கை ஓங்க யாரும் யோசிப்பார்கள். புகார் சொல்ல வேண்டுமென்றால் 104க்குப் போன் செய்யலாம், அரசு ஆஸ்பத்திரிக் குறைகளையும் கேட்பார்கள். பிள்ளை வெளியே வரும் வாசலில் வெட்டித் தையல் போடுவது எல்லோருக்கும் கட்டாயம் இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். வெட்டும் முன் சொல்லிவிட்டு வெட்டச் சொல்லலாம், மரத்துப்போக ஊசி கேட்கலாம். மல்லாந்து படுக்கப் பிடிக்கவில்லையென்றால் பக்கவாட்டில் படுத்தும் முக்கலாம். இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் முதலாவதைவிடச் சீக்கிரம் முடியும். ஆகவே வீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்புங்கள்.

கூட யார் வரப்போகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. யாராக இருந்தாலும் அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிரசவ அறை எந்தப் பக்கம், ராத்திரியில் எந்தக் கதவு திறந்திருக்கும் என்று அவரும் பார்த்து வைக்கட்டும்.